டப் கேட்கப் புதிதாக வருகிறவர்களுக்கு: பேஸில் தொடங்குங்கள்

ஜமைக்காவின் டப் இசையைக் கேட்கலாம் என்று போனை எடுப்பவர் முதல் நாளே இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார். தேடுபெட்டியில் டி, யு, பி என்று மூன்று எழுத்தைத் தட்டினால், தமிழில் டப் செய்யப்பட்ட தெலுங்குப் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். அதைத் தாண்டி உண்மையான டப் ஒன்றைப் பிடித்து போன் ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டால், 'ச்சக், ச்சக்' என்று ஒரு கிட்டாரும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல ஒரு குரலும்தான் கேட்கும். இதில் என்ன இருக்கிறது என்று மூடி வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. அந்த இசையின் அடித்தளமே அவர் காதுக்கு வந்து சேரவில்லை.

அதனால் இங்கே வேலையை மாற்றி வரிசைப்படுத்தியிருக்கிறோம். பேஸ், அதாவது இசையின் அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி, காதுக்கு வர வழி செய்வது முதலில். பாட்டைத் தேடுவது அதற்குப் பிறகு.

எது டப்

1960களின் கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், பாட்டிலிருந்து பாடகர் குரலை எடுத்துவிட்டு வாத்தியங்களை மட்டும் இசைத்தட்டின் பின்பக்கத்தில் போடும் வழக்கம் வந்தது. அதற்கு 'வெர்ஷன்' என்று பெயர். 1970களில் அந்த வெர்ஷனை மிக்ஸிங் மேசையில் வைத்து இன்னொரு இசையாகவே ஆக்கினார்கள். டிரம்மும் பேஸும் ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டார், ஆர்கன், ஊதுகுழல், குரல் எல்லாம் ஒரு நொடி எட்டிப் பார்த்து, எக்கோவில் கரைந்து போகும். அதுதான் டப்.

இந்தக் கலையை வளர்த்தவர்களில் முதல் பெயர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக், காலம் 1941 முதல் 1989 வரை. பாடகரும் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. ரேடியோ பழுது பார்த்தவர், டிரான்ஸ்பார்மர் சுற்றியவர், தெருவில் பெரிய பெரிய பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடும் சவுண்ட் சிஸ்டம் ஒன்றை நடத்தியவர். நம் ஊரில் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிறவரே ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து சால்டரிங் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இவரைப் புரிந்துகொள்வது எளிது. டப் பிறந்தது அப்படிப்பட்ட ஒரு கடையில்தான்.

டப்ஸ்டெப் என்பது வேறு. அது 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனில் உருவான மின்னணு நடன இசை. சொந்தம் உண்டு, ஆனால் ஓய்வுக்குக் கேட்க நினைப்பவர் அதில் போய் விழுந்தால் அலறிக்கொண்டு வெளியே வருவார்.

முதல் வேலை: உங்கள் கருவியில் பேஸ் இருக்கிறதா

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்தபடி மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு, ஒலிக்கும். அடுத்த மூன்று தந்திகள் 55, 73, 98 ஹெர்ட்ஸ். டப்பின் பேஸ் பெரும்பாலும் இந்த வட்டாரத்திலும் அதற்குச் சற்று மேலேயும் நடமாடுகிறது. போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆனாலும் பேஸின் மெட்டு மங்கலாகக் கேட்பது போலத் தோன்றும். ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே வருவதால், அவற்றை வைத்து இல்லாத அடிச்சுரத்தை மூளை தானாக ஊகித்துக்கொள்கிறது. மெட்டு கிடைக்கும், கனம் கிடைக்காது.

பரிசோதனை இது. யூடியூபில் 'சைன் டோன்' என்று ஆங்கிலத்தில் தட்டி, 100, 80, 60, 50, 40 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். கேட்கவில்லையே என்று 40 ஹெர்ட்ஸில் முழுக்கத் திருகிவிட்டு அடுத்த ஒலிக்குப் போனால் காதும் போகும், ஸ்பீக்கரும் போகும். 60 வரை சீராகக் கேட்டால் தொடங்கலாம். 50 கேட்டால் நல்லது. 40-லும் உருண்டையாக வந்தால் உங்களுக்கு இனிக் கருவி பற்றிய கவலை இல்லை. 80-லேயே மங்கினால் கருவியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

புதியவருக்கு எங்கள் பரிந்துரை, காதுக்குள் செருகும் ஒயர் இயர்போன். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ 2,000 ரூபாய்க்குள் போதுமான ஒன்று கிடைத்துவிடும். அதே பணத்துக்கு வரும் புளூடூத் ஸ்பீக்கரால் இந்த பேஸைத் தர முடியாது. காதுக்குள் அடைபட்டிருக்கும் காற்று மிகக் கொஞ்சம், அதை அசைக்கச் சின்னத் தகடு போதும். அறை முழுக்க உள்ள காற்றை 50 ஹெர்ட்ஸில் அசைப்பது வேறு விஷயம்.

இயர்போனில் பேஸ் இல்லை என்று குறைபடுபவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றம் இயர்போனில் இல்லை, ரப்பர் முனையில் இருக்கிறது. பெட்டியில் மூன்று அளவு வரும். நடு அளவு மாட்டியே வரும், அதையே எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். ஒரு அளவு பெரியது போடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று இல்லை. இடது காதில் பெரியதும் வலது காதில் நடுத்தரமும் போட்டால் சரியாக உட்காரும் ஆட்கள் நிறைய.

அதன் பிறகு போனில் அமைப்புகளைத் திறந்து 'பேஸ் பூஸ்ட்', '3டி', 'சரவுண்ட்' எல்லாவற்றையும் அணையுங்கள். பேஸ் பூஸ்ட் என்று பெயரிட்ட பொத்தான்கள் பலவும் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஊதிப் பெருக்குகின்றன. அது பேஸ் அல்ல, சகதி. சரவுண்ட் போட்டால் மிக்ஸ் செய்தவர் இடமும் வலமுமாகப் பார்த்துப் பார்த்து வைத்த எக்கோ கலங்கிப் போகும். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது கலந்து வரும் 'கிராஸ்ஃபேட்' இருந்தால் அதையும் அணையுங்கள். டப்பில் கடைசி எக்கோ அடங்கும் இடம்வரை பாட்டுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒலியளவு குறையக் குறையக் காது முதலில் இழப்பது பேஸைத்தான். இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 அல்லது 4 டெசிபெல் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய அளவுக்கு 'ப்ரீஆம்ப்' என்ற பொது அளவை இறக்குங்கள். இல்லாவிட்டால் பலமான இடங்களில் ஒலி கிழியும்.

வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தால்

யு.எஸ்.பி. போட்டுச் சினிமாப் பாட்டுக் கேட்கும் 2.1, 5.1 பெட்டிகள் நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அவற்றின் சப் ஊஃபர் சினிமாவின் வெடிச்சத்தத்துக்காகச் செய்தது. அதன் வழக்கமான நோய், எந்தச் சுரம் வந்தாலும் ஒரே 'டும்'. பேஸ் ஏறி இறங்கி நடப்பது தெரியாமல் எல்லாம் ஒரே இடத்தில் இடிப்பது போல் இருந்தால் அந்த நோய்தான்.

மருந்து ஒவ்வொன்றாக. சப் ஊஃபர் குமிழை நடுவிலிருந்து கால்வாசி குறையுங்கள். பெட்டியை அறை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதுகின்றன. அப்படியும் அடங்காவிட்டால் பெட்டியிலுள்ள காற்றுத் துளையில் ஒரு பருத்தித் துணியைத் தளர்வாகச் சுருட்டிச் செருகுங்கள். சத்தம் குறையும், ஆனால் சுரம் தெரியத் தொடங்கும். எந்தச் சுரத்துக்குக் கீழே சப் ஊஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் குறுக்கு அதிர்வெண் (கிராஸ்ஓவர்) குமிழ் தனியாக இருந்தால் 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

அறையின் அளவும் விளையாடும். எதிரெதிர்ச் சுவர்கள் 10 அடி இடைவெளியில் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அருகே அறை தானாக முழங்கும். 12 அடி என்றால் 47 அருகே. 10-க்கு 10 சதுர அறை இரண்டு பக்கமும் ஒரே சுரத்தில் முழங்குவதால் மிக மோசம். நீங்கள் உட்காரும் இடத்தை ஒன்றரை அடி நகர்த்தினாலே பேஸ் மாறுவதைக் கவனிக்கலாம். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்த முழங்கும் சுரம் காணாமல் போகும், சுவரில் சாய்ந்தால் இரண்டு மடங்காகும். இரண்டுக்கும் இடையில் நாற்காலியைப் போடுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஓட்டு இடுக்கு வழியாக பேஸ் வெளியே போய்விடுகிறது. கான்கிரீட் பெட்டி அறையில் அது போக்கிடம் இல்லாமல் சுற்றும்.

அறையில் கிடுகிடுக்கும் பொருள்களை முதல் நாளே பிடித்துவிடுங்கள். 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் 'ஸ்வீப்' ஒலி ஒன்றை ஓடவிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். ஸ்டீல் பீரோவின் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, சுவரில் தொங்கும் படச்சட்டம், தகரக் கூரையின் தளர்ந்த ஆணி, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். மடித்த துணியோ ரப்பர் துண்டோ போதும்.

எப்படித் தேடுவது

டப்பில் பாடகர் பெயரால் தேடிப் பயனில்லை. மிக்ஸ் செய்தவர் பெயரும் பேஸ் வாசித்தவர் பெயரும்தான் சாவி. டப்புக்குத் தாயான ஜமைக்கா இசை ரெக்கே. 'நிம்மதியான ரெக்கே, பத்து மணி நேரம்' என்பது போன்ற தொகுப்புகளை முதல் மாதம் தொடவே வேண்டாம். யார் வாசித்தார், யார் மிக்ஸ் செய்தார், எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லாமல் கடற்கரைப் படம் மட்டும் போட்டிருந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே நான்கு தாளச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஒட்டிய சரக்குதான். கேட்கக் கெட்டதாக இருக்காது. ஆனால் அடுத்த இடத்துக்கு அது வழி காட்டாது.

தேடுபெட்டியில் டப் என்பதோடு எப்போதும் ஒரு ஆள் பெயரைச் சேருங்கள். ஆள் பெயர் இல்லையென்றால் 'ரூட்ஸ்', 'ரிடிம்', 'வெர்ஷன்', 'டப்வைஸ்' என்ற சொற்களில் ஒன்றை ஆங்கில எழுத்தில் சேருங்கள். ஆல்பப் பெயரில் 'மீட்ஸ்' என்று இருந்தால் ஒருவர் இசையை இன்னொருவர் மிக்ஸ் செய்திருக்கிறார் என்று பொருள். 'இன் டப்' என்று முடிந்தால் அதற்கு முன் குரலோடு ஒரு ஆல்பம் இருக்கக்கூடும். அதையும் தேடிப் பிடியுங்கள்.

தொடங்க ஐந்து ஆல்பம் சொல்கிறோம், இந்த வரிசையிலேயே கேளுங்கள். அகஸ்டஸ் பாப்லோவின் 'ஈஸ்ட் ஆஃப் த ரிவர் நைல்', 1977. வாயால் ஊதிக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மெலோடிகா இதில் முன்னால் நிற்கிறது. மெட்டு இருப்பதால் புதியவருக்குப் பிடிமானம் கிடைக்கும். இரண்டாவது அதே பாப்லோவும் கிங் டப்பியும் சேர்ந்த 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்', 1976. இங்கே மெலோடிகா பின்னால் போய் மிக்ஸிங் முன்னால் வரும். மூன்றாவது பர்னிங் ஸ்பியரின் 'கார்வீஸ் கோஸ்ட்', 1976. இது 1975-இல் வந்த 'மார்கஸ் கார்வி' ஆல்பத்தின் டப் வடிவம். முதலில் மூலத்தில் ஒரு பாட்டு, உடனே அதன் டப், இப்படி இணை இணையாகக் கேட்டால் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஒரே மாலையில் பிடிபடும். டப் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படிப்பதைவிட இது மேல். நான்காவது கீத் ஹட்சனின் 'பிக் எ டப்', 1974. அலங்காரம் குறைவு, டிரம்மும் பேஸும் எலும்பாகத் தெரியும். ஐந்தாவது லண்டனில் அரிவா ஸ்டூடியோ நடத்தும் மேட் ப்ரொஃபசர், மாசிவ் அட்டாக் குழுவின் ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்த 'நோ ப்ரொடெக்‌ஷன்', 1995. ஒலிப்பதிவு புதியது, அதனால் பேஸ் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். கருவியைச் சோதிக்கவும் இது உதவும்.

லீ பெர்ரியை ஏன் விட்டோம் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். 1973-இல் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் அவர் செய்த வேலை டப்பின் உச்சங்களில் ஒன்று. ஆனால் 1976-இன் 'சூப்பர் ஏப்' ஆல்பத்தின் ஒலி அடர்ந்த புதர் போன்றது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிகள் படர்ந்திருக்கும். ஐந்தையும் கேட்டு முடித்த பிறகு போனால் அதன் சுவை தெரியும்.

இவற்றில் எந்த பேஸ் உங்களைப் பிடித்து இழுக்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்த தேடல். இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பப் பெயரைத் தட்டினால் வாசித்தவர் பட்டியல் வரும். பேஸ் என்ற வரியில் உள்ள பெயரைத் தொட்டால் அவர் வாசித்த மற்ற ஆல்பங்கள் திறக்கும். மூன்று பெயர்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் வாசித்த ஆஸ்டன் 'ஃபேமிலிமேன்' பேரட், வாய்ப்பாட்டு போல முனகிப் பார்க்கக்கூடிய மெட்டை பேஸில் வைத்தவர். டிரம்மர் ஸ்லை டன்பாரோடு இணைந்து எண்ணற்ற பதிவுகளில் வாசித்த ராபி ஷேக்ஸ்பியர், கனமும் துள்ளலும் கலந்தவர். ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவின் ஃபிளாபா ஹோல்ட், சுரங்களைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுபவர். ஓய்வுக்குக் கேட்பவர்களுக்கு மூன்றாவது ஆள் பெரும்பாலும் ஒத்துவருவார். கிங் டப்பியிடம் வேலை கற்ற, சயன்டிஸ்ட் என்ற பட்டப்பெயர் கொண்டவர் 1980களின் தொடக்கத்தில் செய்த டப் ஆல்பங்களில் இவருடைய பேஸ்தான் அதிகம்.

ரிடிம் என்பது இன்னொரு கயிறு. ஒரே பேஸ் மெட்டையும் டிரம்மையும் வைத்துப் பல பாடகர்கள் பல பாட்டுப் பாடுவது ஜமைக்கா வழக்கம். அந்தப் பொது அடித்தளத்துக்கு ரிடிம் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் உண்டு. ஸ்டூடியோ ஒன் நிறுவனத்தில் 1967-இல் உருவான 'ரியல் ராக்' அவற்றில் மிகப் புகழ்பெற்றது. ஒரு பேஸ் மெட்டு பிடித்துப்போனால் அதன் ரிடிம் பெயரைக் கண்டுபிடியுங்கள். அதே மெட்டின் மேல் கட்டிய பாட்டுகள் குவியும்.

ஒரு எச்சரிக்கை. கிங் டப்பி பெயர் போட்டு மலிவாக வெளிவந்த தொகுப்புகள் ஏராளம். அவர் ஸ்டூடியோவில் ஃபிலிப் ஸ்மார்ட், பிரின்ஸ் ஜாமி, சயன்டிஸ்ட் என்று பலரும் மிக்ஸ் செய்தார்கள். கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் முதலாளி பெயரையே ஒட்டிவிட்டார்கள். ஒரே பதிவு ஐந்து தொகுப்புகளில் ஐந்து தலைப்பில் இருப்பதும் உண்டு. பிளட் அண்ட் ஃபயர், ப்ரெஷர் சவுண்ட்ஸ் போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்களின் பதிப்பில் விவரங்கள் ஒழுங்காக இருக்கும், பழைய ஒலிநாடாவைச் சுத்தப்படுத்தியும் இருப்பார்கள்.

விலைக்கு வாங்க விரும்பினால் இணையத்தில் இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் நல்லது. வாங்குமுன் கேட்டுப் பார்க்கலாம், வாங்கினால் இழப்பில்லாத ஃபிளாக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். பணம் செலுத்த டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது மூடியே இருக்கும், பணம் போகவில்லை என்று திகைப்பது அதனால்தான்.

கேட்கும் முறை

முதல் தடவை நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். வேலை செய்துகொண்டே கேட்பது பிறகு.

முதல் பாட்டில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். வில்லுப்பாட்டில் மேலே கதையும் வில்லின் மணியும் ஓடிக்கொண்டிருக்க, அடியில் குடத்தின் வாயில் விழும் அடி எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும். கொடை பார்த்து வளர்ந்த காதுக்கு அந்த ஒலியைத் தனியாகப் பிரித்தெடுக்கத் தெரியும். அதே பழக்கம்தான் இங்கேயும். வாயை மூடிக்கொண்டு பேஸ் மெட்டை முனகிப் பாருங்கள். முனக முடிந்தால் பிடித்துவிட்டீர்கள்.

இரண்டாவது பாட்டில் தாளம். கிட்டார் 'ச்சக்' என்று வெட்டும் இடங்களை 2, 4 என்று எண்ணுங்கள். டிரம்மின் பெரிய அடி 3-இல் விழும். 1 காலியாக இருக்கும். இதற்கு 'ஒன் டிராப்' என்று பெயர். நம் காது 1-இல் அடியை எதிர்பார்த்துப் பழகியது, அந்த இடம் வெறுமையாக வரும்போது உடம்பு தளர்கிறது. இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 130 முதல் 150 எண்ணிக்கை வரும். தலையாட்டும்போது நீங்கள் அதில் பாதி வேகத்தில்தான் ஆட்டுவீர்கள். எல்லா அடியிலும் பெரிய டிரம் 'டம் டம் டம் டம்' என்று நடந்தால் அது 'ஸ்டெப்பர்ஸ்'. ஆடுவதற்கு நல்லது, படுத்துக் கேட்பதற்கு எல்லாருக்கும் ஒத்துவராது.

மூன்றாவது பாட்டில் பேஸ் எங்கே காணாமல் போகிறது என்று பாருங்கள். கிங் டப்பியின் மேசையில் பேஸைப் படிப்படியாக வடிகட்டி எடுக்கும் பெரிய குமிழ் ஒன்று இருந்தது. அதைத் திருகும்போது டிரம்மின் சிம்பல் ஒலி மட்டும் மெலிந்து மேலே போகும். சில தாளச் சுற்று கழித்து பேஸ் திரும்ப வந்து உட்காரும். அந்தத் திரும்பி வருதலுக்காகத்தான் இந்த இசையைக் கேட்கிறார்கள். எக்கோ எல்லாவற்றுக்கும் போடுவார்கள், பேஸுக்கு மட்டும் பெரும்பாலும் போட மாட்டார்கள். தாழ்ந்த சுரம் அடங்க நேரமாகும். அதன் மேல் எக்கோவும் விழுந்தால் ஒன்றும் விளங்காது.

தூங்கப் போகும்போது கேட்க டப்பை அப்படியே நம்ப வேண்டாம். திடீர் இடிச்சத்தம், சைரன், மேசையில் வைத்த, ஸ்பிரிங்கால் எதிரொலி தரும் ரிவர்ப் பெட்டியைத் தட்டி எழுப்பும் வெடி எல்லாம் இதில் உண்டு. சயன்டிஸ்டின் 1981 ஆல்பம் ஒன்று ரத்தக்காட்டேரிகளை விரட்டுவதாகவே பெயர் கொண்டது, சிரிப்பும் அலறலும் இடையிடையே வரும். உறக்கத்துக்குப் பெர்லின் பக்கம் போங்கள். 1993-இல் பேசிக் சேனல் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கிய மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் பிறகு 'ரிதம் அண்ட் சவுண்ட்' என்ற பெயரில் செய்த இசை மெதுவாக, மூடுபனி போல, திடுக்கிடுதல் இல்லாமல் நகரும். அதில் பேஸ் மிக ஆழம். போன் ஸ்பீக்கரில் போட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

நம் ஊரில் எங்கே, எப்போது

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் டப் கேட்டு முடிவெடுக்காதீர்கள். டீசல் இன்ஜினின் உறுமலும் பேஸும் ஒரே அதிர்வெண் வட்டாரம். உறுமல் பேஸை முழுங்கிவிடும், நீங்கள் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவீர்கள். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள ஹெட்போன் தாழ்ந்த ஒலியில்தான் நன்றாக வேலை செய்யும், அது இருந்தால் மட்டும் பஸ் சரி. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றும் இதே தொல்லை. காற்றாலை சுற்றும் நாளில் வெளியே நின்று கேட்டால் காதில் காற்றின் முழக்கம்தான் இருக்கும்.

முட்டம் பாறையிலோ சொத்தவிளைக் கடற்கரையிலோ புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் வீட்டில் கேட்ட பேஸில் பாதிகூட இருக்காது. திறந்த வெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவரில்லை, அலைச்சத்தம் வேறு. மணலில் வைக்காமல் பாறையை ஒட்டியோ மதிலை ஒட்டியோ வைத்தால் கொஞ்சம் மீளும்.

மழைதான் நல்ல துணை. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் வாய்ப்புக்குக் குறைவில்லை. ஓட்டு வீட்டில் மழை பெய்யும்போது அதன் இரைச்சல் சிம்பலையும் எக்கோவின் வாலையும் கொஞ்சம் மூடும், பேஸை ஒன்றும் செய்யாது. தகரக் கூரையில் எல்லாமே மூழ்கிவிடும், இயர்போனுக்கு மாறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி விழும் மாலைகளில் ஹோம் தியேட்டரை சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். டி.வி.யோடு இணைத்திருந்தால் கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போகிறவர்கள் சிக்னலை நம்பாமல் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 160 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 72 எம்பி, 320-இல் 144 எம்பி ஆகும். டேட்டா சேவர் போட்டுக் கேட்டால் பேஸ் பெரிதாகக் கெடாது, ஆனால் எக்கோவின் வால் தண்ணீரில் முங்கியது போல நெளியும். அது டப்பின் பாணி என்று நினைத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்குச் சுவர் தாண்டிப் போவது பாட்டல்ல, அந்த 'டும்' மட்டுமே. அதைத் தனியாகக் கேட்பது போல எரிச்சல் வேறில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது சட்ட வரம்பு. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. பத்துக்கு மேல் இயர்போன்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

எல்லாப் பாட்டும் ஒன்று போலவே இருக்கிறது என்றால் பேஸ் கேட்கவில்லை, ரப்பர் முனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அரை மணியில் தலைவலி வந்தால் பேஸ் பூஸ்ட் போட்டிருக்கிறீர்கள், அல்லது ஒலியளவு கூடுதல். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பின்னால் 'உஸ்' என்ற ஒலி இருந்தால் அது பழைய நாடாவின் மூச்சு, ஈக்வலைசரில் அதைக் கொல்லப் பார்த்தால் எக்கோவும் சேர்ந்து சாகும். பாட்டின் சுருதி லேசாக அலைந்தால் யாரோ தேய்ந்த இசைத்தட்டிலிருந்து ஏற்றியது, வேறு பதிப்பைத் தேடுங்கள்.

ஒரு காதில் மட்டும் பேஸ் குறைந்தால் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் அது பச்சை பிடித்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். தண்ணீர் வேண்டாம், ஸ்பிரே செண்டும் வேண்டாம். இயர்போன் முனையிலுள்ள சின்ன வலையில் அழுக்கு அடைத்திருந்தால், வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு மென்மையான பல்துலக்கும் பிரஷால் தட்டுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் தகடு கிழியும். கேட்டு முடித்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.